பன்றிக் காதில் இரண்டு மில்லிமீட்டர்

மரத்துக்கு எண்ணெய் போடப் பழைய பருத்தி பனியனைப் போல் உத்தமமான துணி வேறு கிடையாது. புதுத் துணி நூல் விடும். கடையில் விற்கிற மஞ்சள் துணி எண்ணெயைத் தானே குடித்துவிடும். என் பனியன்கள் எல்லாம் நாற்பது வயதைத் தாண்டியவை என்று என் மனைவி போடில், ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அதனால் அருங்காட்சியகத்தில் தன்னார்வலர்களுக்கு வேலை பிரித்தபோது எண்ணெய்ப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. செவ்வாய் தோறும் காலை பத்து மணிக்கு நான் பன்றிகளுக்கு எண்ணெய் போடுவேன். மற்றவர்கள் காப்பி போடுவார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் பூட்டு எதையும் உடைக்கவில்லை. சாவி என்னிடம் முறைப்படி இருந்தது. அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

சிஸல் என்றே கூப்பிடச் சொன்னீர்கள். காவல் நிலையத்தில் இவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உங்கள் அப்பாவை எனக்குத் தெரியும். அவருடைய பாற்பற்கள் என் வீட்டு நிலவறையில் இருக்கின்றன. கீழ்வரிசையில் கொஞ்சம் நெரிசல். மற்றபடி அருமையான பற்கள்.

இல்லை, பயப்பட ஒன்றுமில்லை. வரிசையாகவே சொல்கிறேன்.

எங்கள் ஊர்ப் பன்றியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளங்கை நீளம், பீச் மர உடம்பு, லிண்டன் மரத்தில் மெல்லிய காது, தோல் வால். ஞானஸ்நானத்துக்கு ஒன்று வரும், சாகும்வரை ஜன்னலில் தெருவைப் பார்த்து நிற்கும். அதை வரைந்தவர் என் மாமனார், கட்டடக் கலைஞர் யல்மார் லுண்டோ. 1954இல் அவர் செய்த முதற்பன்றிக்கு நீளமான தொங்கு காது. அசல் பன்றி மாதிரியே இருந்தது. அதுதான் அதன் குறை. ஒரு புதன்கிழமை, ஒரு குழந்தை இரண்டு காது நுனிகளையும் கடித்துத் துப்பிவிட்டது. மாமனார் அதட்டவில்லை. பன்றியை ஜன்னலில் வைத்து, புகைக்குழாயைப் பற்றவைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் பார்த்தாராம். குட்டைக் காதோடு அது, யாரோ கூப்பிட்டதும் திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது. மறுநாள் பட்டறைக்குப் போய், இனிமேல் காது இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார். பெட்டிக்குள் வைக்கிற துண்டுத்தாளில் அந்த வாசகம் இன்றும் இருக்கிறது: 'ஒரு குழந்தையின் பல் திருத்திய வடிவம்.'

எந்தக் குழந்தை என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. போடிலுக்கு அப்போது ஐந்து வயது, அவள் தம்பி அஸ்கருக்கு மூன்று. தான்தான் கடித்ததாக இரண்டு பேரும் மனதுக்குள் முடிவு செய்துகொண்டு, முப்பது வருடத்துக்கு மேல் சந்தோஷமாக இருந்தார்கள். 1988இல் மாமனாரின் சவ அடக்கத்தில் பாதிரியார், "அந்தக் காதைக் கடித்த குழந்தையும் இன்று நம்மோடு இருக்கிறது" என்றார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அடக்கமாகத் தலை குனிந்தார்கள். ஒருவர் குனிந்ததை மற்றவர் பார்த்துவிட்டார்.

அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் உறவு முறியவில்லை. விசேஷம் என்றால் வருவார்கள், ஆளுக்கொரு கோடியில் உட்காருவார்கள். நம்மவர் வழக்கப்படி சொந்தமாகப் பாட்டுக் கட்டி, அச்சடித்து, தட்டுக்குத் தட்டு வைப்பார்கள். முப்பத்தாறு வருடம் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை, பாடிக்கொண்டார்கள். அதுவும் நாற்பது விருந்தாளிகளின் வாயால். எங்கள் வெள்ளிவிழாவுக்கு அஸ்கர் கட்டியது:

வெண்ணெயைக் கூட வெட்டித்தான் தின்பாள் வெள்ளி விழா அக்கா,
மரத்துக் காதை மென்றது யாரென மனசுக்குத் தெரியும் பக்கா.

அவனுடைய அறுபதுக்குப் போடிலின் பதில்:

அறுபதைத் தொட்ட தம்பிக்கு வாழ்த்து, அத்தனை பல்லும் போச்சு,
அன்றைக்கு மட்டும் கட்டையைக் கடிக்க அவனுக்கு ஏது மூச்சு?

மெட்டு ஒன்றுதான். பாதிரியாரும் சேர்ந்து பாடினார்.

இந்த மார்ச்சில் இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, பட்டறையின் பரணில் ஒரு புகையிலை டப்பாவுக்குள் காணாமல் போயிருந்த முதற்பன்றி கிடைத்தது. இரண்டு, அஸ்கர் வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' என்று பலகை வந்தது. மனைவி போய்விட்டாள், மகள் ஸ்காகனில் இருக்கிறாள், இலையுதிர் காலத்தில் அவளோடு போய்விடப் போகிறான் என்று ஊரில் பேச்சு. எங்கள் வீட்டிலிருந்து அவன் வீடு நானூறு அடி. ஸ்காகன் நாட்டின் மறு நுனி. போடில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"அவன் கொடிக்கம்பத்தைக் கழட்டுறாங்க," என்றாள்.

கையிலிருந்த கிழங்கைக் கோலிக்குண்டு அளவுக்குச் சீவி முடித்துவிட்டு, அதை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். கொடி ஏறாத நாளில், தம்பிக்கு உடம்பு சரியில்லையோ என்று சமையலறை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்ப்பவள் அவள்.

பன்றியின் எழுபதாம் பிறந்தநாளுக்கு முதற்பன்றியைக் காட்சிக்கு வைப்பதென்றும், பல் தடத்தை ஆராயக் கோபன்ஹேகனிலிருந்து ஒரு நிபுணரை வரவழைப்பதென்றும் அருங்காட்சியகத் தலைவி மெரேத முடிவு செய்தாள். கொலை வழக்குகளில் பல் அடையாளம் பார்க்கிற அம்மாள். வழக்கமாகப் பன்றிக்கெல்லாம் வருவதில்லையாம்.

அன்று சாப்பாட்டு மேஜையில் போடில் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "அந்தம்மா சொல்லட்டும். நான்தான்னு ஆச்சுன்னா நானே போய் அவன் கதவைத் தட்டுவேன். ஜெயிச்சவங்க போறதுதான் அழகு. தோத்துட்டுப் போய் நின்னா கெஞ்சற மாதிரி இருக்காது?"

மூன்று நாள் கழித்து வண்ணப்பூச்சுக் கடையில் அஸ்கரைப் பார்த்தேன். விற்கப்போகிற வீட்டுக்கு வெள்ளையடிக்க வாளி வாங்கிக்கொண்டிருந்தான். "அத்தான், நான்தான்னு வந்துச்சுன்னா அன்னைக்கே அக்கா கதவைத் தட்டிருவேன். ஜெயிச்சவன் எறங்கி வரலாம். தோத்தவன் எப்படி ஏறிப் போறது?" என்றான்.

ஒரே ரத்தம். ஏற்பாடு எனக்கும் திருப்தியாக இருந்தது. எப்படி விழுந்தாலும் ஒரு கதவு தட்டப்படும்.

இனி பற்கள். நம் ஊரில் அந்தக் காலத்தில் வின்டர் என்று ஒரு பல் மருத்துவர். 1953 முதல் பதினெட்டு வருடம், ஐந்து வயது நிரம்பிய ஒவ்வொரு பிள்ளையின் பாற்பல்லையும் சாந்தில் அச்செடுத்தார். ஆராய்ச்சி நூல் எழுதப் போவதாகச் சொன்னார். தலைப்புப் பக்கம் வரை எழுதினார். அவரிடம் நான் பல் தொழில்நுட்பராகச் சேர்ந்தபோது அலமாரிகளில் நானூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். 2007இல் நகராட்சிகளை இணைத்தபோது அவற்றைக் குப்பைக்கு அனுப்பச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. பெட்டி பெட்டியாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். போடில் அந்த நிலவறையில் நீராவிக் குளியலறை கட்ட நினைத்திருந்தாள். பதினேழு வருடமாக அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்வதில்லை, துண்டை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு அவ்வப்போது படியில் வந்து நிற்பாள்.

நிபுணருக்கு அனுப்ப அக்கா, தம்பி இருவரின் அச்சும் வேண்டுமென்று மெரேத கேட்டாள். அனுப்பும் முன், ஒரு செவ்வாய்க்கிழமை, எண்ணெய் வேலை முடிந்ததும் நானே வைத்துப் பார்த்தேன். ஆர்வம்தான், வேறில்லை. போடிலின் பல் பொருந்தவில்லை. அஸ்கரின் பல்லும் பொருந்தவில்லை. முன்பக்கம் நான்கு பல் தடம் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இருந்தன. நடுவில் ஒரு சின்ன, உபரிப் பல். ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு வரும்.

ஆக, அது வேறு ஏதோ குழந்தை. யார் என்பது இந்த விசாரணைக்குத் தேவையில்லை என்பது என் தாழ்மையான கருத்து. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: இருவருமே தோற்றால் எந்தக் கதவும் தட்டப்படாது.

அப்புறம் செய்ததெல்லாம் சாதாரண வேலை. சாந்து அச்சு மரத்தைக் கடிக்காது, நொறுங்கும். ஆகவே இரண்டு வரிசைகளையும் கட்டுப்பல் செய்கிற உலோகத்தில் வார்த்தேன். போடில் வெள்ளரிக்காய் ஊறுகாய் போடுகிற மேஜையில் அவளுடைய ஐந்து வயதுப் பற்கள் ஆறிக்கொண்டிருந்தன. ஒத்திகைக்குப் பன்றிகள் வேண்டியிருந்தன. சந்தைகளிலும் பழைய சாமான் கடைகளிலும் ஒவ்வொன்றாக வாங்கினேன். ஒரே இடத்தில் இரண்டு வாங்கவில்லை. மொத்தம் இருபத்து மூன்று. விறகுக் கொட்டகையில், இடுக்கியில், ஃபிளானல் துணி சுற்றித்தான் இறுக்கினேன். அநாவசியமாக வேதனைப்படுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் ஒன்பதும் காது பிளந்து போயின. பத்தாவதிலிருந்து கை படிந்தது. எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டேன். அந்த வாரம் வீடு கதகதப்பாக இருந்ததாகப் போடில் பாராட்டினாள்.

மே மாதம் இரண்டாவது செவ்வாய். மற்றவர்கள் காப்பி போட்டுக்கொண்டிருந்தார்கள். முதற்பன்றியைக் கையில் எடுத்தேன். பழைய தடம் போக வேண்டுமென்றால் விளிம்பைத் தேய்த்தாக வேண்டும். மிக மெல்லிய உப்புத்தாளால் ஒவ்வொரு காதிலும் இரண்டு மில்லிமீட்டர் எடுத்தேன். பிறகு இடது காதில் போடிலைக் கடிக்கவைத்தேன், வலது காதில் அஸ்கரை. ஒருவரை மட்டும் ஜெயிக்கவைத்திருக்கலாம். ஆனால் இவனும் என் மச்சான், என் கல்யாணத்தில் எனக்காக அழுதவன். புதுத் தடத்தின் வெளுப்புத் தெரியாமலிருக்க ஆறிய காப்பியைப் பஞ்சில் தொட்டு ஒற்றினேன். ஆக, காப்பிக் குழுவினரும் ஒருவகையில் உடந்தை. அவர்கள் பெயரைச் சேர்க்க வேண்டாம்.

திறப்பு விழா உங்களுக்கு நினைவிருக்கும். கொடிகள், அடுக்குக் கேக், நகர மேயர். நிபுணர் அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இடது காது போடில் லுண்டோ, வலது காது அஸ்கர் லுண்டோ, சந்தேகத்துக்கே இடமில்லை என்றார். கூட்டம் கைதட்டியது. என் மனைவி முகம் சிவந்து ஒரு வாசலால் வெளியேறினாள், மச்சான் மறு வாசலால் வெளியேறினான். எனக்குக் கேக் இறங்கவில்லை. இரண்டு துண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் காலை போடில் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். நான் கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போனேன். பேக்கரி முனை திரும்பும்போது எதிரே அஸ்கர், அவனும் நல்ல கோட்டில்.

"எங்க கெளம்பிட்டே?" என்றாள் போடில். முப்பத்தாறு வருடத்தில் முதல் வார்த்தை.

"ரொட்டி வாங்க. நீ?"

"ரொட்டிதான்."

"திங்கக்கிழமை பேக்கரி லீவு அக்கா."

"தெரியும்டா," என்றாள். பிறகு அவன் கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள். "எடது காதுதான் மொதல்ல கடிச்சிருக்கணும். நீ பாத்துட்டு அப்புறம் கடிச்சிருப்பே."

"மூணு வயசுப் பயலுக்கு நீதானே சொல்லிக்குடுத்திருப்பே."

"அதத்தான் நானும் சொல்றேன்."

'விற்பனைக்கு' பலகை இப்போது எங்கள் விறகுக் கொட்டகையில் கிடக்கிறது. கொடிக்கம்பம் திரும்ப ஏறிவிட்டது. அஸ்கர் தினமும் மூன்று வேளையும் எங்கள் வீட்டில்தான். எந்தக் காது முதல் என்று காலையில் தொடங்குவார்கள், ராத்திரிக் கஞ்சிக்குப் பார்லி வேகும்வரை ஓயாது. எனக்கு ஒரு வாய்க் காப்பி நிம்மதியாகக் குடிக்க முடிவதில்லை. இதைவிடப் பெரிய தண்டனையை நீங்கள் கொடுத்துவிட முடியாது, சிஸல்.

இதோடு முடிந்திருந்தால் நாம் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம். பட்டறைக்காரர்கள் மூலத்துக்கு விசுவாசமானவர்கள். விழா முடிந்ததும் அளவுகோலோடு வந்து முதற்பன்றியை அளந்தார்கள். எழுபது வருடமாகத் தாங்கள் விற்ற எல்லாப் பன்றிகளுக்கும் காது இரண்டு மில்லிமீட்டர் நீளம் என்று கண்டுபிடித்து வெலவெலத்துப் போனார்கள். உடனே கடைசல் அச்சுகளை மாற்றினார்கள். 'திருத்திய பன்றி' வந்தது. கடைவாசலில் வரிசை நின்றது. கோபன்ஹேகன் பத்திரிகையில் ஒரு விமர்சகர், இந்தப் பன்றி முதன்முறையாக மூச்சு விடுகிறது என்றும், இந்த இரண்டு மில்லிமீட்டரில் ஒரு தேசத்தின் நிதானம் இருக்கிறது என்றும் எழுதினார். நான் அதை ஒரு தடவை மேலோட்டமாகப் பார்த்ததோடு சரி. மூன்றாம் பத்தி, ஏழாவது வரி. வெட்டி எடுத்த துண்டு பர்ஸில் தற்செயலாக இருக்கிறது.

அப்புறம்தான் மெரேத அஞ்சலட்டை அச்சடிக்க மார்ச் மாதப் படத்தைத் தேடி எடுத்தாள். பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்த படம், அதில் காது பழைய நீளத்திலேயே இருந்தது. நேர்த்தியான பெண்.

திரும்பவும் கேட்கிறீர்கள். ஐந்தாவது பல் யாருடையது?

அது தேவையில்லை என்று சொன்னேன். சரி. என் அம்மா புதன்கிழமைகளில் லுண்டோ வீட்டில் தரை துடைத்தாள். என்னை யாரிடமும் விட முடியாததால் கூட்டிப்போவாள். எனக்கு நான்கு வயது. அந்த வயதில் நடந்தது யாருக்கு நினைவிருக்கும்? எனக்கு ஒன்றுமே நினைவில்லை. ஆளிவிதை எண்ணெயும் புகையிலையும் கலந்த ருசி. வலது காது லேசாக இனித்தது. போடிலும் அஸ்கரும் தோட்டத்தில் இருந்தார்கள். நான் இரண்டாவது காதை முடித்தபோது கதவருகே அவர் நின்றிருந்தார். நான் அழத் தயாரானேன். அவர் பன்றியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"சரியான இடத்துலதான் நிறுத்தியிருக்கே," என்றார்.

அவ்வளவுதான். அம்மாவுக்கு வேலை போய்விடக் கூடாதென்றுதான் அவர் யாரிடமும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். பின்னாளில் நான் அவர் மகளைக் கட்டிக்கொண்டபோது, விருந்தில், எல்லோரும் பாடிக்கொண்டிருக்கையில், மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து என் வாயைப் பார்த்து ஒரு தடவை கண்ணடித்தார். அந்த உபரிப் பல்லை வின்டர் எப்போதோ பிடுங்கிவிட்டிருந்தார்.

போடிலிடம் நான் சொல்லவில்லை. எழுபது வருடம் அவள் 'கடித்தவள்' என்று வாழ்ந்திருக்கிறாள். பள்ளிப் பிள்ளைகள் அவளிடம் கையெழுத்து வாங்குவார்கள். அவளுக்கு அது தேவையாக இருந்தது, எனக்குத் தேவையில்லை. நான் ஆசைப்பட்டிருந்தால் அந்தத் தடத்தை அப்படியே விட்டு, என் அச்சை அனுப்பியிருக்கலாமே. அழித்தேன். என் பல்லை என் கையாலேயே தேய்த்து அழித்தேன். பெருமை என்னிடம் ஒட்டாது. நீ பெரிய ஆள் என்று நினைத்துக்கொள்ளாதே என்று நமக்கெல்லாம் பாலோடு புகட்டிவிடுகிறார்கள். செய்ததெல்லாம் அவளுக்காக, அவள் தம்பிக்காக. அவளுக்கு மட்டும் இது தெரியவே கூடாது. அக்காவும் தம்பியும் திரும்ப ஊமையாகிவிட்டால் நான் செய்ததற்கெல்லாம் அர்த்தமே இல்லை.

மெரேதவும் அதையேதான் விரும்புகிறாள் என்கிறீர்கள். நாலாயிரம் திருத்திய பன்றி விற்றுப் போயிருக்கிறது, யாருக்கும் வம்பு வேண்டாம். 'எண்ணெயிடும்போது ஏற்பட்ட இயல்பான தேய்மானம்' என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம். பல் என்ற சொல்லே வராது. நல்ல ஏற்பாடு. உங்களுக்கும் நல்ல மனசு, அப்பாவைப் போலவே. காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

எல்லாம் சரியாக இருக்கிறது. பெயர் எஸ்கில், சரி. பிறந்த தேதி சரி. இந்த ஒரு கட்டம் மட்டும். தொழில்: ஓய்வுபெற்ற பல் தொழில்நுட்பர். பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் காவல் துறைக் கோப்பு என்பது பிற்காலத்தில் யாராவது எடுத்துப் பார்க்கிற விஷயம். 1954இல் ஒரு தடவை, இந்த மே மாதம் ஒரு தடவை. இரண்டு தடவையும் சரியான இடத்தில் நிறுத்தியிருக்கிறேன். அதை அடித்துவிட்டு 'வடிவமைப்பாளர்' என்று போட முடியுமா? 'வடிவமைப்பாளர், பன்றி, காதுப் பகுதி' என்றிருந்தால் இன்னும் தெளிவு. அடக்கமாகவும் இருக்கும்.

பிரதி எங்கள் வீட்டு மின்னஞ்சல் பெட்டிக்குத் தானாகவே வந்துவிடும் என்கிறீர்கள். தெரியும். கடவுச்சொல் போடிலிடம்தான் இருக்கிறது, எல்லாக் கடிதத்தையும் அவள்தான் திறப்பாள், அஸ்கர் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பான். அதுவும் தெரியும். பரவாயில்லை, எழுதுங்கள். அவளுக்கு இப்போதெல்லாம் கண் சரியாகத் தெரிவதில்லை, அந்த ஒரு சொல்லை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள்.